கண்மாய்க் கரையில் மூன்று இரவு: எப்போது போவது, எதைப் பார்ப்பது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடிக்குத் தெற்கே, கடலுக்குச் சற்று உள்ளே தள்ளி, ஒரு கண்மாய்க் கரையில் உங்கள் நண்பர் பனையோலைக் குடில் போட்டிருக்கிறார். சென்னையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு மூன்று இரவு தங்கப் போகிறீர்கள். எந்த மாதம் நல்லது, பறவைகளையும் நட்சத்திரங்களையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா, டெலஸ்கோப் வாங்கட்டுமா என்பவை உங்கள் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். நானும் ஒரு தை மாதத்தில் இரவல் டெலஸ்கோப்பை முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரைக்குச் சுமந்துகொண்டு போனவன்தான். ஒன்பது மணிக்குள் பனி இறங்கிக் கண்ணாடி முழுவதும் வெளுத்துவிட்டது. வேட்டி முனையால் துடைத்தேன். கரம்பைப் புழுதி ஒட்டியிருந்த வேட்டி. கீறல் விழுந்தது. அதற்குப் பிறகு அதை இரவல் கொடுத்த நண்பர் எனக்குப் புத்தகம்கூட இரவல் கொடுப்பதில்லை. முதல் பயணத்துக்கு 7×50 அல்லது 10×50 பைனாகுலர் ஒன்று போதும். பகலில் பறவைக்கும் அதுவே உதவும். அதுவும் இல்லையென்றால் ஒரு தினசரி நாள்காட்டி போதும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பின்னால் விளக்குகிறேன்.

மாதத்துக்கு வருவோம். நண்பர் அனுப்பிய படத்தில் கரை தொடத் தண்ணீர் அலையடித்திருக்கும். அந்தப் படம் கார்த்திகையிலோ மார்கழியிலோ எடுத்ததாக இருக்கும். கண்மாய் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரி அல்ல. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, வயலுக்கு மடை திறந்து திறந்து, பங்குனியில் சேறாகி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதன் நீர்க்காலம் நான்கைந்து மாதம்தான். அதிலும் பாதி மேகமூட்டத்தில் போய்விடும். தண்ணீரும் வேண்டும், மேகமில்லாத வானமும் வேண்டும் என்றால் மிஞ்சுவது தையும் மாசியும், அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. பறவைகளுக்கும் அதுதான் காலம். மழை பொய்த்த ஆண்டில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் நண்பரிடம் கேட்க வேண்டியது, 'அறை காலியா?' என்பதல்ல, 'உள்வாயில் (கரைக்கு உட்புறம், நீர் நிற்கும் பகுதியில்) எவ்வளவு தண்ணீர் நிற்கிறது?' என்பது.

மாதத்துக்குள் நாளும் முக்கியம். நிலா வானில் இருந்தால் மங்கலான விண்மீன்கள் காணாமல் போகும். தேய்பிறை தசமி தொடங்கி வளர்பிறை சதுர்த்தி வரையுள்ள பத்து நாட்களுக்குள் உங்கள் மூன்று இரவுகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். அமாவாசைக்கு முன்பு என்றால் நிலா பின்னிரவில்தான் எழும். பின்பு என்றால் முன்னிரவிலேயே அடங்கிவிடும். தை அமாவாசை அன்று மட்டும் வராதீர்கள். ராமேசுவரம், சேதுக்கரை, தேவிபட்டினம், மாரியூர் என்று கரை முழுவதும் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டம். பஸ்ஸிலும் இடம் கிடைக்காது, சாலையிலும் இடம் கிடைக்காது. இரண்டு நாள் கழித்து வாருங்கள். மாசியில் மகாசிவராத்திரி என்பதே அமாவாசைக்கு முந்தைய இருட்டு இரவு. ஊரே விழித்திருக்கும் இரவில் வானமும் இருண்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பக்கத்தில் அன்று எல்லோரும் குலதெய்வக் கோயிலுக்கு வருவார்கள். உங்கள் கண்மாய்க் கரையில் ஒரு கோயில் இருந்துவிட்டால் சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் விடியும்வரை ஓயாது. கரையில் என்ன சாமி இருக்கிறது என்றும் நண்பரிடம் விசாரித்துவிடுங்கள்.

இனி அந்த நாள்காட்டி. தினமும் கிழிக்கும் தாளில் 'ரோகிணி மாலை 5.20 வரை, பின்பு மிருகசீரிடம்' என்று அச்சிட்டிருப்பார்கள். நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அது சொல்வது, இன்று நிலா வானத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். நிலா தன் பாதையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 பாகை நகர்கிறது. அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்து ஒவ்வொரு பங்குக்கும் ஒரு விண்மீனின் பெயரை வைத்தார்கள். தாளில் கார்த்திகை என்றிருந்தால் நிலாவுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கொத்து இருக்கும். ரோகிணி என்றால் செம்மஞ்சள் நிறத்தில் ஒற்றை விண்மீன். மகம், சித்திரை, கேட்டை ஆகியவையும் அப்படியே. இந்த ஐந்தும் நிலாப் பாதையை ஒட்டியே இருப்பதால் அடையாளம் பிசகாது. திருவாதிரை, சுவாதி, திருவோணம் மூன்றிடமும் இந்த வழி செல்லாது. அவை பாதையை விட்டு வெகுதூரம் விலகி நிற்பவை. சென்னை மொட்டைமாடியிலேயே ஒரு மாதம் பழகிவிட்டு வந்தால், இங்கே நிலா இல்லாத இரவில் பிள்ளைகள் உங்களுக்குக் கைநீட்டிக் காட்டுவார்கள்.

கோள்களுக்கும் இதே வழிதான். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு, அதாவது ராசிக்கு ஓராண்டு. குருப்பெயர்ச்சிக்கு எந்த ராசி என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றனவே, அந்த ராசிக்குரிய விண்மீன் கூட்டத்தில்தான் அது நிற்கும். சனிக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 ஆண்டு, ராசிக்கு இரண்டரை. பலனை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், முகவரி சரியாகவே இருக்கும். போகிற வழியில் தேவிபட்டினத்தில் இறங்கினால் கடலுக்குள் நவபாஷாணக் கற்கள் ஒன்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, இவற்றில் எத்தனையை வானில் வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்று கேளுங்கள். ஏழு. ராகுவும் கேதுவும் பொருள்கள் அல்ல, சூரியன் பாதையும் நிலாவின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள். கிரகணம் அங்கேதான் நடக்கும் என்பதால் பாம்பு விழுங்கிய கதை வந்தது.

இப்போது உங்கள் குடிலின் உண்மையான வசதியைச் சொல்கிறேன். அது தெற்கு. வாலிநோக்கத்திலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரை மன்னார் வளைகுடாவைத் தெற்கே பார்த்துக் கிடக்கிறது. மாரியூர் மணலில் நின்று நேர் தெற்கே பார்த்தால், அண்டார்க்டிகா வரை இடையில் நிலமே இல்லை. ஊர் இல்லை, விளக்கு இல்லை. தென்மேற்கில் மட்டும் தூத்துக்குடியின் வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாகத் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அட்சரேகையும் நமக்குச் சாதகம், ஒன்பது பாகை சொச்சம். கையை முழுதாக நீட்டி மூடிய விரல்மடக்கு ஒன்று வானில் ஏறக்குறைய பத்துப் பாகை மறைக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வடக்கே அடிவானத்திலிருந்து ஒரு கைமுட்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் இருக்கும். சீமைக்கருவேலம் மறைக்காத இடமாக, தண்ணீருக்குத் தென்கரையில் நின்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பி நில்லுங்கள். உயரத்தில் வெள்ளை வெளேரென்று மின்னுவது சிரியஸ், இரவு வானின் விண்மீன்கள் எல்லாவற்றையும்விடப் பிரகாசமானது. அதற்கு நேர் கீழே, அடிவானத்திலிருந்து மூன்று கைமுட்டி உயரத்தில் இன்னொன்று. அதுதான் அகத்தியர், பிரகாசத்தில் இரண்டாவது. வட இந்தியாவில் அடிவானத்தை ஒட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இந்த விண்மீன் நம் பக்கத்தில் கணிசமான உயரத்துக்கு ஏறுகிறது. தெற்கே போன முனிவரின் பெயர் அதற்குப் பொருத்தம்தான். தூரம் ஏறக்குறைய 310 ஒளியாண்டு. இன்று உங்கள் கண்ணில் படும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது இந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி மறைந்து (1710) சில ஆண்டுகளே ஆகியிருக்கும். வாடைக்காற்று அடங்கிய நேரத்தில் கண்மாய்த் தண்ணீரிலும் அகத்தியர் தெரிவார்.

ஜனவரி இறுதியில், நல்ல இருட்டில், அகத்தியருக்கும் கீழே அடிவானத்திலிருந்து ஒரு கைமுட்டி உயரத்தில் புகை படிந்தாற்போல ஒரு திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். பெரிய மகெல்லன் மேகம் எனப்படும் வேறொரு விண்மீன் மண்டலம் அது. கடலுக்கு மேலே ஈரப்பதம் திரையிடுவதால் நான் நான்கைந்து முயற்சியில் ஒருமுறைதான் உறுதியாகப் பார்த்தேன் என்று சொல்வேன். பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தலைக்கு மேலேயும் ஒரு செய்தி இருக்கிறது. திருவாதிரை என்ற செந்நிற விண்மீன் இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய நேர் உச்சியைக் கடந்து போகிறது, பிசகு ஏறக்குறைய இரண்டு பாகைதான். டிசம்பர் பிற்பகுதியில் அது உச்சிக்கு வருவது நள்ளிரவில். அந்தக் காலத்தில்தான் திருஉத்தரகோசமங்கையில் மரகத நடராசரின் சந்தனக்காப்பை ஆண்டுக்கு ஒருமுறை களைந்து ஆருத்ரா தரிசனம் நடக்கிறது. வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களின் தலைக்கு நேர் மேலே அந்த நாளுக்குரிய விண்மீன் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கூட்ட நெரிசலில் அண்ணாந்தால் செருப்புப் போய்விடும் என்பதும் உண்மைதான்.

முன்னிரவோடு படுத்துவிட வேண்டாம். குழந்தைகளை ஒன்பதரைக்குத் தூங்கவைத்து நான்கரை மணிக்கு எழுப்புங்கள். பிப்ரவரியில் மூன்று மணி சுமாருக்குத் தெற்கே திரிசங்கு எனப்படும் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். நான்கரைக்குச் சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும். தென்கிழக்கில் விருச்சிகம் முழுதாக எழுந்திருக்கும். கேட்டை அதன் நெஞ்சில் சிவப்பாக, மூலம் கொடுக்கில். தேளை எளிதில் கண்டுபிடித்துவிடலாம், வானத்தில் பெயருக்கேற்ற உருவம் உள்ள ஒன்றிரண்டில் இது ஒன்று. அதற்குக் கீழே பால்வெளியின் மையப்பகுதி தடித்துக் கிளம்பும். ஐந்தேகாலுக்கு மேல் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். ஆக முக்கால் மணி நேரம்தான் உங்களுக்கு.

அந்த வெளுப்போடு கண்மாய் பேசத் தொடங்கும். பறவைகளைப் பற்றி நீங்கள் முன்பே நிறையப் படித்திருப்பது கேள்வியில் தெரிகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்திலேயே மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் சரணாலயம் இருக்கிறது, 1998 இல் அறிவித்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989 இலிருந்து சரணாலயங்கள். இரண்டும் 2022 இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றன. 2025 இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. எல்லாமே கண்மாய்கள், விவசாயத்துக்கு வெட்டியவை. உள்ளே நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில்தான் கூடு. கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் மாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் இரை முடிந்து திரும்பும். கரைமேல் நடக்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நடப்பவரைக் கண்டால் ஆள்காட்டி ஊரைக் கூட்டிவிடும். திருவாடானைப் பக்கம் போக நேர்ந்தால் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைப் பாருங்கள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொலவடை. நாரையே ஒரு மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு பெரிது என்பது பெருமை.

இருட்டிய பிறகு காதுக்குத்தான் வேலை. வக்கா 'குவாக்' என்று ஒற்றைச் சத்தம் போட்டுக்கொண்டு தலைக்கு மேலே போகும். பளிங்குக் குண்டைப் படியில் போட்டால் துள்ளித் துள்ளி வேகம் கூடுமே, அப்படி ஒரு 'டுக் டுக் டுக்டுக்' கேட்டால் அது பக்கி என்ற இரவுப் பறவை. மண்சாலையில் படுத்திருக்கும், டார்ச் ஒளியில் கண் கங்குபோல எரியும். பனைமரம் இருந்தால் காய்ந்த மட்டை உரசும் ஓசையைக் கேட்டுப் பிள்ளைகள் பயப்படக்கூடும். முதல் இரவு நீங்களும் பயப்படுவீர்கள்.

தை, மாசி தவறிவிட்டால் சித்திரைக் கடைசிக்கு வாருங்கள் என்பேன், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கண்மாய் வறண்டிருக்கும், பகல் வெயில் கொளுத்தும், பறவை இருக்காது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். மற்ற மாதங்களில் கடலில் வரிசையாகத் தெரியும் விளக்குகள் குறைந்துவிடும். தென்சிலுவை மாலை நேரத்தில் நிமிர்ந்து நிற்கும் காலமும் இதுவே: மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கைமுட்டி உயரத்தில். அப்படியே திரும்பினால் வடக்கே சப்தரிஷி மண்டலம். அதன் வாலில் நடுவில் உள்ள வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மங்கலாக இருப்பது அருந்ததி, பழந்தமிழ் வடமீன். உங்கள் திருமணத்தில் பட்டப்பகலில் காட்டியிருப்பார்கள்; இருவருமாகச் சேர்ந்து இப்போதாவது பாருங்கள். மே இறுதியில் ஒன்பது மணிக்கு இன்னொன்றும் நடக்கும். வடக்கே அருந்ததி, தலைக்கு மேலே சற்றுத் தெற்கில் சித்திரை, அதற்கும் கீழே மூன்று கைமுட்டி உயரத்தில் பஞ்சுப்பொட்டுப் போல ஒமேகா செண்டாரி. மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வடக்கு-தெற்குக் கோட்டைக் கடக்கும். அந்தப் பஞ்சுப்பொட்டில் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் இருக்கின்றன. பைனாகுலரைக் கையில் எடுக்க வேண்டிய இடம் அது.

தனுஷ்கோடியில் இரவு தங்கி வானம் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது. மாலையிலேயே பொதுமக்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். பகலில் போய்ப் பூநாரைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்று அங்குள்ளவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், மன்னார்ப் பக்கம் அடங்கியிருக்கும்; தென்மேற்குப் பருவக் காற்றான கச்சான் வீசத் தொடங்கினால் தலைகீழ்.

சில எச்சரிக்கைகள். இரவில் கடற்கரைக்குப் போவதானால் ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். இது காவல் மிகுந்த கரை. முகம் தெரியாதவர் கடலைப் பார்த்து டார்ச் அடித்தால் விசாரிக்கத்தான் செய்வார்கள். பச்சை லேசரும் டிரோனும் வேண்டவே வேண்டாம். தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் கடித்ததே தெரியாது. கயிற்றுக் கட்டில் கேளுங்கள், கண்மாய் வறண்ட காலத்தில் உள்வாயில் படுப்பதானாலும் கட்டிலில்தான். செருப்பு அல்ல, மூடிய ஷூ. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். டார்ச்சுக்குச் சிவப்பு ஜெலட்டின் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், போனை ஒருமுறை பார்த்தால் அந்த அரை மணி வீண். தையில் பனிக்கு மஃப்ளர் வேண்டும். பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு கிடைக்கும், நான்கரை மணிக்குப் பிள்ளைகளை எழுப்ப அவித்த கிழங்கைவிட நல்ல லஞ்சம் எனக்குத் தெரியாது.

புறப்படும் நாளில் வீட்டு நாள்காட்டியிலிருந்து அந்த மூன்று நாட்களின் தாளை முன்கூட்டியே கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்பிறையாக இருந்தால் முதல் மாலை பிறையைக் கண்டதும் தாளைப் பெரியவனிடம் கொடுத்து, எந்த நட்சத்திரம் என்று வாசிக்கச் சொல்லுங்கள். தேய்பிறையானால் அதையே விடியற்காலையில் செய்யுங்கள்.